வெளிப்பக்கம் போட்ட பூட்டு

"ஹலோ... ஹலோ! டேய் கோகிலன், தாய்மாமன் பேசுறேன்... ஆமா, ஆமா, இராமசாமிதான். மீட்டிங்கா? அது கெடக்கட்டும். நான் குனோங் ராபாட்ல உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்... சொல்லாம வந்தேனா? என் அக்காவப் பாக்க உன்கிட்ட பாஸ்போர்ட் வாங்கணுமோ?"

சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடத் தளர்த்தாமல் உச்சி வெயிலில் விறைத்து நின்றார் இராமசாமி. கிரில் கதவுக்கு உள்ளே அக்கா ராக்காயி தரையில் குந்தியிருந்தாள். பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

"பாதுகாப்புக்கா பூட்டுனே? தீப்பிடிச்சா எப்படி லா வெளிய வரும்?... மறதியா? 'போயிரு தம்பி, மவன் வந்தா அடிப்பான்'னுச்சே, அந்த மறதியா? பிஸ்கட்டு நீட்டுனேன். செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு முழுங்குது. தெருநாயி இத விட கௌரவமாத் தின்னும்."

"...வழுக்கி விழுந்துருச்சா? விழுந்தா முட்டி பேந்துருக்கும். கைக்கு உள்பக்கம் விரல் விரலாக் கன்னியிருக்கே! உன் வீட்டு பாத்ரூமுக்கு விரலு மொளச்சிருக்கா?... ஓ, பெண்டாட்டியா? நீ பக்கத்துல நின்னு விசிறி விட்டியா?"

"சரி, சாவி எங்க?... நீ இருக்குற கோலா கங்சார்ல, உன் பாக்கெட்ல. வாரியா? வேணாம். பிச்சைமுத்துவக் கூப்பிட்டுட்டேன்."

பிச்சைமுத்து கிரில் பட்டறைக்காரர். அவர் மகனுக்குத்தான் கோகிலன் மகள் ஷர்மினியை நிச்சயம் செய்திருந்தார்கள். பேசி முடித்தவர் இராமசாமி. தட்டு மாற்றும்போது வாக்குக் கொடுத்தவரும் அவரே.

"எந்தப் பிச்சைமுத்துவா?... உன் சம்பந்தியேதான். இரும்பறுக்குற மெஷினு அவர்கிட்ட இருக்கு... வேற ஆளா? ஏன், ஊரான் பாத்தா இனிக்குது, சம்பந்தி பாத்தா கசக்குதோ?"

"...குடும்ப மானமா? சீ, அந்த வார்த்தைய உன் வாயில வெக்காத. பெத்தவள அடைச்ச வீட்டுல பொண்ணெடுக்கிறோம்னு தெரிஞ்சு எடுக்கட்டும், இல்ல வேணாம்னு போகட்டும். மறைச்சுக் கட்டிக் குடுத்தா அது மோசடி. போறது என் வாக்குடா. உனக்கு ஏது வாக்கு?"

"...ஷர்மினிய நெனச்சா? எனக்குப் போன் போட்டதே அவதான். கோலாலம்பூர்லருந்து வந்தவ பாத்துட்டா. 'கல்யாணம் நின்னா நிக்கட்டும் தாத்தா, பாட்டியக் கூட்டிட்டுப் போங்க'ன்னா. உனக்கும் இப்படி ஒரு மவ!"

பிச்சைமுத்துவின் லோரி வந்து நின்றது. அவர் பூட்டைப் பார்த்தார். உள்ளே குந்தியிருந்தவளைப் பார்த்தார். மெஷினை இறக்கினார்.

"வந்துட்டாரு... அழுவுறியா? நல்லா அழு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா போலீஸ்தான். அங்க அழவும் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்க."

போனைப் பூட்டின் அருகே பிடித்தார். இரும்பு அலறியது. பொறி பறந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. இராமசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டியா?... என்ன சொல்றே? எனக்குக் கேக்கல... அக்கா, எந்திரி. செருப்பப் போட்டுக்க... செருப்பே இல்லையா? இந்தா, என்னோடதப் போட்டுக்க. தார்ரோடு கொதிக்குது. வா, போலாம்."

கோகிலன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். இராமசாமி அழைப்பைத் துண்டித்தார்.