வூட்டுக்கு ஒரு கல்லு

பகல் பன்னெண்டு மணி. ராத்திரி இல்ல... நல்லா கேட்டுக்குங்க, பகல் பன்னெண்டு. சித்திரை மாச வெயில். எம்பத்தொண்ணுல, சந்தவாசல் பக்கமிருந்து ஜவ்வாது மலை மேல புதுசா ஒரு ரோடு போட்டுகினு இருந்தாங்க. பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. தாரு கெடையாது, வெறும் ஜல்லி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஏழு மைலுக்கு ஒரு வூடு கெடையாது, ஒரு டீக்கடை கெடையாது. அந்த ரோட்டுல ஒரு லாரி எறங்கி வருது. உள்ள ரெண்டு ஆளு.

இல்ல... மூணுன்னுதான் சொல்லணும்.

சேட்டு தூங்கிட்டானா பாரு. அவன் முழிச்சுகினு இருந்தா சொல்ல மாட்டேன். லாரி ஓட்டுனது அவனோட பெரியப்பா, தீர்த்தகிரி. சரி, கிட்ட வாங்க. கல்யாண வூட்டுக்கு இப்பத்திக்கு கரண்டு வராது.

தீர்த்தகிரிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது ராஜாக்கண்ணு. ரோட்டு வேலைக்கு மேஸ்திரி. தீர்த்தகிரியோட தங்கச்சி மங்கம்மாவக் கட்டுனவன். தீர்த்தகிரிக்கு லாரி வேலைய வாங்கிக் குடுத்ததே அவன்தான். கெட்டிக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். சாராயம் உள்ள போனா மட்டும் வேற ஆளு. அதுக்கு மொத வாரம்தான் மங்கம்மா அண்ணன் வூட்டுக்கு வந்துச்சு. கன்னத்துல அகப்பைக் காம்பு பதிஞ்சு நீலம் பூத்திருந்துச்சு. தீர்த்தகிரி பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. காலைல எழுந்து, மச்சான்கிட்டயே வேலைக்குப் பூட்டாரு.

மூணாவது ஆளு... ராஜாக்கண்ணு மடியில இருந்தாரு. துண்டுல சுத்தி.

அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

ரோடு போற வழியில, ஒரு திருப்பத்துல, ஆள் ஒசரத்துக்கு மேல, பாசி புடிச்ச ஒரு கல்லுக் குமி. மலை சனங்க அந்தப் பக்கம் எப்ப போனாலும் ஒரு கல்ல எடுத்து அது மேல போட்டுட்டுதான் போவாங்க. எத்தனை தலைமுறையாவோ. ரோடு அது மேலதான் போயாவணும். ஜல்லிக்கும் ஆச்சுன்னு ராஜாக்கண்ணு பிரிக்கச் சொல்லிட்டான். மலை ஆளுங்க ஒருத்தரும் கடப்பாரையத் தொடல. கீழருந்து வந்த ஆளுங்கதான் பிரிச்சாங்க. பிரிச்ச கல்லெல்லாம் அன்னன்னிக்கே ஒடைச்சு ரோட்டுல பரப்பிட்டாங்க. ரெண்டாம் நாள் சாயந்தரம் அடிமண் தெரிஞ்சுது. அங்க ஒரு பாறை. பாறைய ஒட்டி... மண்டி போட்ட மாதிரி ஒரு எலும்புக்கூடு. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால. மணிக்கட்டுல துரு ஏறுன இரும்பு வளையம். மண்ணுல ரெண்டு தங்கக் கடுக்கன். மண்டையோட்டுல எங்க பாத்தாலும் வெடிப்பு.

கூலிக்கு வந்த மலைக்காரர்ல சடையன்னு ஒருத்தர். அதிகம் பேசாத மனுஷன். அவரு தள்ளி நின்னுகினே சொன்னாரு.

“அது ராசாங்க. எங்க கோட்டை ராசா.”

ராஜாக்கண்ணு சிரிச்சான். “ராசாவுக்கு இன்னாய்யா இந்த மாரி ஒரு சமாதி?”

“சமாதி இல்லைங்க. எந்திரிக்காம இருக்கறதுக்குப் போட்ட பாரம்.”

அப்பறம்தான் சடையன் வெவரம் சொன்னாரு. எப்பவோ ஒரு காலத்துல மூணு வருஷம் மழை இல்ல. சனங்க கெழங்கத் தோண்டித் தின்னாங்க. ஆனா அடுத்த வெதைப்புக்குன்னு வூட்டுக்குக் கொஞ்சம் சாமைய பொதைச்சு வெச்சிருந்தாங்க. அது ராசாவுக்குத் தெரிஞ்சு போச்சு. பொதைச்சவங்கள வரிசையா ஒக்கார வெச்சான். அவங்க வெதைச் சாமையவே கொப்பரைல கொட்டிக் காய்ச்சி... கொதிக்கக் கொதிக்க அகப்பைல மொண்டு வாயில ஊத்தச் சொன்னான். பசின்னீங்களே, தின்னுங்கன்னு. ஆம்பள பொம்பளன்னு பாக்கல. பாதிப் பேரு அங்கயே செத்தாங்க. மிச்சப் பேரு பேச்சில்லாம பொழைச்சாங்க.

அந்தச் சனங்கதான் ஒரு நாள் உச்சி வெயில்ல அவனப் புடிச்சாங்க. பாறை முன்னாடி மண்டி போட வெச்சாங்க. சாவுன்னு தீர்ப்பாச்சு. ஆனா ராசாவக் கொன்ன பாவத்த யாரு சொமக்கறது? ஒருத்தனும் முன்ன வரல. கடைசில ஒரு முடிவு பண்ணாங்க... வூட்டுக்கு ஒரு கல்லு. அப்ப யாரு கல்லுல உசுரு போச்சுன்னு யாருக்கும் தெரியாது பாரு.

ராசா கெஞ்சலையாம். கல்லெடுத்துகினு வந்த ஒவ்வொரு ஆளையும் பேரச் சொல்லிக் கூப்புட்டானாம். அவ்ளோதான். வெறும் பேரு. மூச்சு நிக்கற வரைக்கும்.

மறுநாள் காலைல ஓவர்சியர் வந்தாரு. எலும்ப தாலுகா ஆபீஸ்ல ஒப்படைங்கன்னுட்டாரு. மத்த எலும்பெல்லாம் ரெண்டு சிமெண்ட் சாக்குல கட்டி லாரி பின்னால போட்டாங்க. மண்டையோடு மட்டும் தொட்டாலே உதுந்துடும் போல இருந்துச்சு. இந்த ஜல்லி ரோட்டுல போனா தூளாயிடும்னு, ராஜாக்கண்ணு தோள்ல கெடந்த துண்ட எடுத்துப் பதமா சுத்துனான். கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கிகினான்.

சடையன் ஓடி வந்தாரு. “மடில வேணாங்க. ஆளுக்கு ஒரு கல்லு போட்டுட்டு அப்பறம் எடுங்க.”

“உங்க ஊரு பஞ்சாயத்து எங்களுக்கு எதுக்குய்யா? வண்டிய எடு மச்சான்.”

தீர்த்தகிரி எடுத்துட்டாரு.

மூணு மைல் எறங்கியிருப்பாங்க. மொதல்ல வந்தது வாசனை. சாமை வேகற வாசனை... அதுவும் அடி புடிச்ச வாசனை. தீர்த்தகிரி தலைய வெளிய நீட்டிப் பாத்தாரு. வூடு இல்ல. பொகை இல்ல. காத்து கூட இல்ல.

“மச்சான், எங்கயோ சோறு தீயுது.”

ராஜாக்கண்ணு நேரா ரோட்டையே பாத்துகினு இருந்தான்.

டொக்.

பானெட் மேல ஒரு கல்லு விழுந்து உருண்டுது. பாறைலருந்து சரிஞ்சதுன்னு நெனைச்சாரு. கொஞ்ச தூரம் போச்சு. டொக்... இன்னொண்ணு. அப்பறம் கதவு மேல, ணங்குன்னு. திருப்பத்துல வண்டிய வளைச்சவரு, ரெண்டு காலாலயும் பிரேக்க மிதிச்சாரு.

ரோட்ட அடைச்சுகினு ஆளுங்க.

எழுவது எம்பது பேரு இருக்கும். ஆம்பளைங்க, பொம்பளைங்க. ஒரு சத்தம் இல்ல. ஆளுக்கு ஒரு கல்லு கையில. மூஞ்சியெல்லாம் ஒரே மாதிரி... வாய் இருக்கற எடத்துல ஒதடு இல்ல. வெந்து, உரிஞ்சு, பல்லு மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. அத்தனை கண்ணும் தீர்த்தகிரியப் பாக்கல. பக்கத்து சீட்டப் பாத்துச்சு.

அவரும் திரும்பிப் பாத்தாரு.

ராஜாக்கண்ணு நிமிந்து உக்காந்திருந்தான். மோவாய் மேல தூக்கி இருந்துச்சு. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால... யாரும் கட்டல. மடில இருந்த துண்டு தட்டையாக் கெடந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி.

அவன் வாயத் தொறந்தான். அது அவன் கொரலே இல்ல. சாவகாசமா, வேலைக்காரனக் கூப்புடற கொரலு.

“வேடா.”

கூட்டத்துல ஒருத்தன் முன்ன வந்தான். கல்லு பறந்துச்சு. முன் கண்ணாடி நொறுங்கி ரெண்டு பேரு மேலயும் கொட்டுச்சு.

“செல்லி.”

ஒரு பொம்பள. கல்லு ராஜாக்கண்ணு மாருல விழுந்துச்சு. உள்ள எலும்பு ஒடையற சத்தம்... காஞ்ச சுள்ளிய மிதிக்கற மாதிரி. அவன் கண்ணு சிமிட்டல.

“மாரா... பூஞ்சி... காளி...”

பேரு ஒண்ணு, கல்லு ஒண்ணு. தோளு எறங்குச்சு. தாடை கோணிகினு தொங்குச்சு. தொங்குன வாயிலருந்தும் பேரு வந்துகினே இருந்துச்சு. தீர்த்தகிரி கத்துனாரா, கத்தலையா... அவருக்கே தெரியாது. கதவத் தள்ளிட்டு வெளிய விழுந்தாரு. முட்டி தேஞ்சு ரத்தம். எழுந்து ஓடணும். ஓடல. எதிர்ல ஒரு கெழவி நிக்கறா. ஒதடு இல்லாத கெழவி. அவரு வலது கையப் புடிச்சா. கொதிக்கற சட்டியத் தொட்ட மாதிரி சுட்டுது. உள்ளங்கையில ஒரு கல்ல வெச்சு, வெரல ஒண்ணொண்ணா மடக்கி வுட்டா.

அப்ப வண்டிக்குள்ளருந்து அந்தக் கொரலு கூப்புட்டுச்சு.

“தீர்த்தகிரி.”

தொறந்த கதவு வழியாப் பாத்தாரு. ராஜாக்கண்ணு தலைய இவரு பக்கம் திருப்பியிருந்தான்.

போடக் கூடாதுன்னுதான் நெனைச்சேன்னு பின்னால சொன்னாராம். சொல்லிட்டு, நெனைச்சேனான்னு தெரியலன்னும் சொன்னாராம். அந்த நேரத்துல கண்ணு முன்னாடி வந்தது தங்கச்சி கன்னம்தான். நீலமா.

கை ஓங்குச்சு. கல்லு வெரல வுட்டுப் போற நொடியில... ராஜாக்கண்ணு பேசுனான். இப்ப அவன் சொந்தக் கொரலு.

“மச்சான்...”

கல்லு வலது பொட்டுல விழுந்துச்சு.

ரோடு காலி. ஒரு ஆளு இல்ல. வாசனை இல்ல. வெயில் அதே உச்சிலதான் நின்னுகினு இருந்துச்சு. லாரி முன் பக்கம் பூரா கல்லு. கல்லுக்கு நடுவுல ராஜாக்கண்ணு. மடில மண்டையோடு, துண்டு கூட கலையாம.

தீர்த்தகிரி நாலு மைல் நடந்தே எறங்கி, கண்ட மொத ஆளுகிட்ட மலை சரிஞ்சுடுச்சுன்னாரு. அது ஒண்ணுதான் அவரு வாயில வந்துச்சு. போலீஸ் மேல போய்ப் பாத்துச்சு. மலை சனங்கள விசாரிச்சாங்க. அந்த நேரத்துல ஒருத்தர் பாக்கி இல்லாம ஓவர்சியர் கண்ணு முன்னாடி மண்ணு சொமந்துகினு இருந்தாங்க. அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. வண்டிலருந்து எடுத்த கல்லெல்லாம் ஒரு பக்கம் பாசி புடிச்ச கல்லு. அந்தத் திருப்பத்துப் பாறையில பாசியே கெடையாது. ஆனா யாரும் அத எழுதல. மலைச் சரிவுன்னு கேச மூடிட்டாங்க.

எலும்ப தாலுகா ஆபீஸ்ல யாரும் வாங்கிக்கல. சடையனும் ஊரு ஆளுங்களும் வந்து கேட்டாங்க. எடுத்துகினு போங்கன்னு குடுத்துட்டாங்க. இருந்த எடத்துலயே, இருந்த மாதிரியே மண்டி போட வெச்சுப் பொதைச்சு, வூட்டுக்கு ஒரு கல்லுன்னு போட்டு மூடுனாங்க. ரோட்ட அந்தாண்ட தள்ளிதான் வளைச்சாங்க. இப்பவும் வளைஞ்சுதான் போவுது.

ஆனா ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். ஆஸ்பத்திரில நடந்தது. இத தீர்த்தகிரி சேட்டோட அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னாரு. அதுவும் சாவறதுக்கு மொத மாசம்.

ராஜாக்கண்ணுவ அறுக்கற எடத்துக்கு வெளிய, சுவர்ல சாஞ்சு நின்னுகினு இருந்தாரு. கதவு பாதிதான் சாத்தியிருந்துச்சு. உள்ள டாக்டரு போலீஸ்காரர்கிட்ட பேசறது கேட்டுச்சு.

“ஒடம்பு பூரா அடிதான். எலும்பு எத்தனையோ எடத்துல ஒடைஞ்சு கெடக்குது. ஆனா ஒரு காயத்துலயும் ரத்தம் கட்டல பாருங்க. அத்தனையும் உயிர் போனப்பறம் விழுந்த அடி.”

“அப்ப உயிர் எதுலங்க போச்சு?”

“ஒரே அடி. மொத அடி. இதோ... வலது பொட்டுல.”

தீர்த்தகிரி தன் வலது கையப் பாத்தாரு. அவரு போட்டது கடைசிக் கல்லு. அவரு கண்ணால பாத்தாரு... அத்தனை பேரும் போட்டு முடிச்ச அப்பறம்தான்.

அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அலறல். மங்கம்மா. தலைய விரிச்சுப் போட்டுகினு ஓடி வந்துச்சு. வேற யாரையும் பாக்கல. நேரா அண்ணன்கிட்ட வந்து, அவரு வலது கைய ரெண்டு கையாலயும் புடிச்சு, அந்த உள்ளங்கையில கன்னத்த வெச்சு அழுதுச்சு.

கைய எடுக்கணும்னு இழுத்தாராம். மங்கம்மா வுடல.