பம்பில் கோளாறு இல்லை

புதுப் பம்பு மாட்டிய பிறகு பழைய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவது சாதாரண விஷயம், கீதாஞ்சலி. அதற்காக யார் மேலும் கேஸ் போடுவதில்லை.

பம்பு விற்ற கடைக்காரனைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதாக நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாய். மட்டமான சாமானை விற்று உன் அப்பாவைக் கொன்றுவிட்டான் என்றாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பம்பில் ஒரு குறையும் இல்லை. ஹவுராவில் ஏதோ சின்னப் பட்டறையில் செய்தது. செய்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது. அவன் பெயர் கெடக்கூடாது. அதனால்தான் சொல்கிறேன்.

அம்பாஸிடரில் பெட்ரோல் பம்பு இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். இரண்டு போல்ட், இரண்டு ரப்பர் குழாய், அவ்வளவுதான். ஒரு குழாய் டேங்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவரும். மற்றது கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும். பழைய பம்பு கசிய ஆரம்பித்திருந்தது. துர்கா பூஜை சப்தமி அன்று காலையில் கழற்றினேன். எதைக் கழற்றினாலும் அடையாளம் வைக்காமல் கழற்றமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இடது பக்கக் குழாயில் சிவப்பு நூல் கட்டினேன். புதுப் பம்பை மாட்டியதும் நூல் கட்டிய குழாயை மறுபடி இடது பக்கமே சொருகினேன். கவனம் இல்லாதவன் செய்கிற தப்பு அல்ல அது.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆயிற்று. கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினேன். உன் அப்பா பால்கனியிலிருந்து கேட்டார். சாயங்காலம் நம் தெருக் கிளப்பின் பூஜைப் பந்தலுக்குப் போய், "நம்ம டாக்டர் வெங்கடு ஆபரேஷன் பண்ணிட்டார், பேஷண்ட் பிழைச்சுட்டார்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது பாராட்டுத்தான். அவர் என்னைப் பாராட்டியது அபூர்வம்.

மறுநாள் அஷ்டமி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவருக்கு மார் வலி வந்தது. அந்த நேரத்தில் நம் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரியாஹாட்டிலிருந்து லேக் மார்க்கெட் வரை தலைகள்தான். ஆம்புலன்ஸ் மெயின் ரோடு முனை வரை வந்துவிட்டது, உள்ளே நுழைய வழியில்லை. பின் சந்து வழியாக நம் வண்டி போகலாம், விசில் ஊதிக் கூட்டத்தை விலக்குகிறோம் என்று கிளப்பின் தபன் சொன்னான். நானும் தபனும் அண்ணாவைக் கீழே இறக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். உன் அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆகிக் கேட்டைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை.

பானெட்டைத் திறந்தேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டு, தபனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரு சொட்டு வரவில்லை. அப்படியென்றால் பம்பு. கிளப்புப் பையன்கள் டார்ச் பிடிக்க, குனிந்து பார்த்தேன். பம்பின் உடம்பில் ஒரு சின்ன அம்புக்குறி வார்த்திருந்தது. பழைய பம்பில் பெட்ரோல் இடது பக்கம் நுழையும். இதில் வலது பக்கம். இரண்டு குழாயையும் நான் மாற்றி மாட்டியிருந்தேன். முதல் நாள் ஓடியதும், இப்போது கேட் வரை வந்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோலில்.

இரண்டு கிளிப்பைத் தளர்த்தி, குழாய்களை இடம் மாற்ற வேண்டும். ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது. கிளிப்பில் வைத்தும்விட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து உன் அப்பாவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான், ஆனால் தெளிவாக.

"என்னடா வெங்கடு, டேங்கில பெட்ரோல் இருக்கான்னு பாத்தியோ?"

"பேசாதீங்கோ" என்றாள் உன் அம்மா.

"இல்லடி, கேக்கறேன். கார்புரேட்டரைக் கழட்டிடப் போறான்."

டார்ச் பிடித்திருந்த பையன்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கார்புரேட்டர் என்ற வார்த்தை தெரியும். அந்தக் கதையும் தெரியும். தபன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

தீகா கடற்கரைக்குப் போகிற வழியில் நடந்த கதை அது. நீ அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய். பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டியில் நான் கார்புரேட்டரைப் பிரித்துத் துண்டில் பரப்பிவைத்த கதை. உன் அப்பா அதை லேக் மார்க்கெட்டில் காபிப் பொடி அரைக்கிற கடையில் சொன்னார். தன் பாங்கில் சொன்னார். கிளப்பில் சொன்னார். உன் கல்யாண ரிசப்ஷனில் மைக்கை வாங்கிச் சொன்னார். உன் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு அவர் மாடியில் இருந்தவன் நான். அந்த வண்டி ஒன்றுதான் என் பொறுப்பில் இருந்தது.

வண்டி கிளம்பியதும் என்ன கோளாறு என்று கேட்பார். எப்போதும் கேட்பார். அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. குழாயை மாற்றி மாட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் பிழைத்து வந்திருந்தால், அந்தக் கதை என்னோடு சுடுகாடு வரை வந்திருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரைக் கிளிப்பிலிருந்து எடுத்தேன். ப்ளக்குகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

ஓடி நின்ற வண்டியில் ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க அவசியமில்லை. அது எனக்குத் தெரியும், சுற்றி நின்றவர்களுக்குத் தெரியாது. நான்கையும் எமரி பேப்பரில் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். பாயிண்டைச் சுத்தம் செய்தேன். பாட்டரி டெர்மினலை இறுக்கினேன். ஒவ்வொன்றும் ஒழுங்காகச் செய்த வேலை. யாரும் குறை சொல்ல முடியாது.

நடுவில் தபன் முதலுதவி ஸ்டாலிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "காக்கு, நாங்க ஆறு பேர் இருக்கோம். தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோயிடறோம். ஜனங்க வழி விடுவாங்க" என்று பெங்காலியில் சொன்னான். நல்ல யோசனைதான். ஹார்ட் பேஷண்ட்டை அப்படி அசைக்கக் கூடாது, ரெண்டே நிமிஷம், வண்டி தயாராகிவிடும் என்று சொன்னேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமாவே ரெண்டு நிமிஷம்தானா, வெங்கடு?"

"ஆமாம் மன்னி."

அவள் தபனிடம் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள்.

உன் அப்பா இன்னும் இரண்டு தடவை பேசினார். ஒரு தடவை தண்ணீர் கேட்டார். இன்னொரு தடவை, "விடுடா, பரவால்ல, மெதுவாப் பாரு" என்றார். அதை நான் கேலி என்றுதான் நினைத்தேன். இப்போதும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பிறகு குரல் வரவில்லை. "தூங்கறார் போலிருக்கு" என்றாள் உன் அம்மா. தூங்கட்டும் என்றேன்.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. டார்ச்சை நானே வாங்கிக்கொண்டு, பந்தல் பக்கம் கூட்டத்தை விலக்கச் சொல்லிப் பையன்களை அனுப்பினேன். கிளிப் இரண்டையும் தளர்த்தினேன். குழாய்களை இடம் மாற்றினேன். நூலை அறுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பம்பின் கைப்பிடியை நாலைந்து தடவை அழுத்தினேன். கார்புரேட்டர் நிறைகிற சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கிளப்புப் பையன்கள் கை தட்டினார்கள். உன் அம்மா அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆரம்பித்தார். எல்லா டாக்டர்களும் சொல்வதுதான். கூட்டம் என்று சொன்னேன். பம்பு என்றும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் நீ பிடித்துக்கொண்டாய்.

சித்தப்பா கையில் எண்ணெயோடு கடைசி வரைக்கும் போராடினார் என்று நீ பதிமூன்றாம் நாள் வந்தவர்களிடம் சொன்னாய். நான் மறுக்கவில்லை. கையில் எண்ணெய் இருந்தது உண்மைதான். உன் அம்மாவிடம் நீ இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அவளுக்கு இனி அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரனை விட்டுவிடு.

இன்னொன்று. வண்டி கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் நீ திருத்த வேண்டும். குழாயைச் சரியாக மாட்டிய பிறகு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அது ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.