கச்சான் வருது, கவனம்

வெயிலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால், ஜூலையில் லங்காவிக்குப் போகாதீர்கள். மழையில் ஊறித் திரும்பி வருவீர்கள். பாலியில் வெயில் உண்டு, ஆனால் துண்டை விரிக்க இடம் கிடைக்காது. பெர்த்தில் அப்போது குளிர். இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போங்கள். திருகோணமலைக்கு வடக்கே ஓர் இடம் இருக்கிறது. அறைகள் எளிமையானவை, விரிப்பு சுத்தம், மீன் அன்றன்று பிடித்தது. ஜூலையில் அங்கே மேகத்தைப் பார்ப்பதே அரிது. தொப்பி மட்டும் மறக்கவேண்டாம்.

போன ஞாயிறு சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் நம் பயணக் குழு கூடியபோது நீங்கள் கேட்டீர்கள், வைதேகி. "குணமணி அக்கா, நல்லா வெயில் அடிக்கிற இடமா ஒண்ணு சொல்லுங்களேன்." உடனே மேசையில் இருந்த எல்லாரும் தங்கள் தோசையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீங்கள் குழுவுக்குப் புதிது, காரணம் தெரிந்திருக்காது. நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கமில்லை. இத்தனை வருடங்களில் குழுவில் பாதிப் பேர் நான் சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். திரும்பி வந்த யாரும் குறை சொன்னதில்லை.

எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். அப்பா பேரின்பநாயகம் செம்பவாங் கப்பல் தளத்தில் கிளார்க்காக இருந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி சுஜீந்திரன் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். என்னைப் பெண் பார்க்கச் சிலர் வந்தார்கள். தம்பியும் என்னோடுதான் இருப்பான் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வந்தவர்களில் ஒருவர்கூடக் கடற்கரைப் பக்கம் போகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

அம்மா போன அடுத்த விடுமுறையில் அவனைப் பினாங்குக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். கடலைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ஓடினான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையும் நாங்கள் இருவரும் போனோம். எங்கள் வீட்டில் தீபாவளியைவிட ஜூலைதான் பெரிய பண்டிகை. அவன் வளர்ந்து, சம்பாதித்து, என்னைவிட உயரமாகி, விமானத்தில் எனக்கு ஜன்னல் இருக்கையைக் கொடுக்கத் தொடங்கினான். மற்ற மாதங்களில் நான் செய்ததெல்லாம் ஜூலைக்காகக் காத்திருந்ததுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவனைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

நான் சொன்ன அந்தக் கிழக்குக் கரைக்கும் முதலில் நாங்கள்தான் போனோம். இரண்டாம் நாள் காலை, சாய்வு நாற்காலியில் படுத்தபடி சுஜி சொன்னான்.

"அக்கா, ஆபீஸ்ல ரோஷினின்னு சொல்லியிருக்கேன்ல. நாங்க டிசம்பர்ல கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"நல்லது," என்றேன்.

"தெம்பனிஸ்லதான் வீடு பாக்கறோம், அவங்க அம்மா வீட்டுக்குப் பக்கத்துல. அப்புறம்... அடுத்த வருஷம் ஹாலிடேக்கு நாங்க ரெண்டு பேரும் போறோம். நீ ஏதாவது டூர் குரூப்போட போயேன்லா. ஜாலியா இருக்கும்."

"நல்லதுப்பா," என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவன் தூங்கிப்போனான். அவன் கால்மேல் வெயில் படாமல் துண்டைப் போட்டுவிட்டு, நான் தண்ணீரோரம் நடந்தேன். முகத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று கடலில் இறங்கினேன். அன்று அலையே இல்லை. படகுக்காரர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பெயர் அப்துல் கஃபார்.

"அக்கா, கரைக்கு ஏறுங்க, ஏறுங்க. கச்சான் எழும்பிட்டுது. இப்ப இறங்கக் கூடாது."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கச்சான் என்றால் எங்கள் வீட்டில் வேர்க்கடலை. அம்மா அப்படித்தான் சொல்வார். இங்கே மலாய்க்காரர்கள் சொல்லும் கச்சாங்கும் அதேதான். வேர்க்கடலை எப்படி எழும்பும் என்று கேட்டேன்.

அவரும் சிரித்தார். "அது தின்னுற கச்சான். இது காத்து."

மேற்கேயிருந்து, தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்றாம். அது அடிக்கும்போது கரையோரம் தண்ணீர் படுத்துக் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு இறங்க ஆசை வரும். மிதக்கிற எதையும் அது திருப்பித் தராது. சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு காலிப் போத்தலை எடுத்துத் தண்ணீரில் விட்டார். யாரோ கூப்பிட்டதுபோல் அது நேராகப் போனது. கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எழுந்ததும் சுஜி, "அங்க என்னக்கா பாத்தே?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

ரோஷினி கெட்ட பெண் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பூர்வீகம், கலகலப்பான வீடு. வாய்க்கு வாய் என்னை "அண்ணி" என்பாள். எங்கள் வீட்டுப் புட்டைச் சாப்பிட்டுவிட்டு, செய்முறையைக் கேட்டு வாங்கிப் போனாள். நீந்தத் தெரியாது, ஆனால் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்ள ஆசை. கல்யாணத்துக்குப் பின் ஒரு நாள் என் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணி, நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். ஜூலைக்கு வெயிலா ஒரு இடம் சொல்லுங்க. இவர்கிட்ட எதைக் கேட்டாலும் அக்காகிட்டக் கேளுங்கறார்."

நான் சொன்னேன். எந்த அறை எடுக்கவேண்டும், காலை உணவுக்கு என்ன கேட்கவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். கிளம்பும் முன் சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் அவளுக்கு ஒரு மிதவையும் வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் வட்டம், நடுவில் சிரிக்கிற சூரியன். அதைக் கட்டிக்கொண்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். விடுமுறையில் சுஜி காலையில் சீக்கிரம் எழமாட்டான். அது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

திட்டம் என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். ஓர் இடத்தைச் சிபாரிசு செய்தேன், ஒரு பரிசு கொடுத்தேன். காற்று அடிப்பதும் அடிக்காததும் என் கையில் இல்லை. அவர்கள் போன பிறகு தினமும் கைப்பேசியில் அந்த ஊரின் காற்று எந்தத் திசை என்று பார்த்தேன், அவ்வளவுதான். முதல் சில நாட்கள் தெற்கு என்று காட்டியது. சாப்பிட்டேன், தூங்கினேன்.

மேற்கு என்று காட்டிய நாளில் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை ஆய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. அவள் எப்போதும் தட்டச்சு செய்யமாட்டாள், பேசித்தான் அனுப்புவாள்.

"அண்ணி, இவர் இன்னும் எந்திரிக்கல. இங்க போட்காரர் ஒருத்தர் என்னைப் பாத்து, 'கச்சான் வருது, கவனம்'னு சொல்லிட்டுப் போறார். யாரு அண்ணி அது? கச்சாங் விக்கிறவரா? எதுக்குக் கவனம், விலையில ஏமாத்திடுவாரா?" பின்னால் அவள் சிரிப்பு.

கீரைக்காரர் நான் எடுப்பேனா வைப்பேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் பேசியே பதில் அனுப்பினேன்.

"ஆமாம்மா, கச்சான்னா கச்சாங்தான். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம். பேரம் பேசி வாங்கு. கடல் எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி. அலையே இல்ல."

"அப்ப மிதவையை எடுத்துட்டு இறங்கு. இப்பதான் படம் நல்லா வரும்."

"ஓகே அண்ணி. லவ் யூ."

நான் பொய் சொல்லவில்லை. கச்சான் என்றால் வேர்க்கடலைதான். யாழ்ப்பாணத்துக்காரர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு அர்த்தம் தெரியும், அவள் ஏற்கெனவே ஒன்றைச் சொல்லியிருந்தாள். நான் ஆமாம் என்றேன். பிறகு கீரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சமைத்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டு முறை போட்டுவிட்டேன்.

சுஜி தொலைபேசியில் அழைத்தபோது அவன் பேசியது எதுவும் புரியவில்லை. அக்கா, அக்கா என்பது மட்டும் கேட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான். கிடைத்த விமானத்தில் கிளம்பிப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மீனவர்கள் மிதவையை மட்டும் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. மிதவையில் காற்று கொஞ்சமும் குறையவில்லை. அன்று காலை அவள் தன் வாயால் ஊதிய காற்று. சுஜி அறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். மிதவையின் மூடியைக் கழற்றி, வெளியே வருகிற காற்றில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். காற்று முழுவதும் தீரும்வரை அவன் அசையவில்லை. நான் வாசலில் நின்றேன். உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

போலீஸ்காரர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். வெளியூர்க்காரர்கள், பழக்கமில்லாத கடல், விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று காலை கரையில் அப்துல் கஃபார் எங்களிடம் வந்தார். அழுதிருந்தார். தான் எச்சரித்ததாகவும், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே தலையாட்டியதால் விளங்கிவிட்டது என்று நினைத்ததாகவும் தம்பியிடம் சொன்னார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போன வருசம் வந்தவங்கதானே? உங்களுக்குப் போத்தல் விட்டுக் காட்டினேனே. வீட்டில சொல்லேல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. சுஜியும் கேட்கவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விமானத்தில் எனக்கு ஜன்னல் இருக்கையைக் கொடுத்தான். கரையில் அவள் விட்டுப்போன கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் வரும்வரை எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான்.

தெம்பனிஸ் வீட்டில் தனியாக எப்படி இருப்பான்? இப்போது செம்பவாங்கில் என்னோடுதான் இருக்கிறான், அவனுடைய பழைய அறையில். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதிவுகளைப் போடுவான். சமையலறைவரை கேட்கும். அவள் குரல் வீட்டில் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. அடுப்பில் கை வேலையாக இருக்கும்போது, "யாரு அண்ணி அது?" என்று கேட்டால், சில நேரம் என்னையறியாமல் பதில் சொல்லிவிடுகிறேன். உடனே அவன் அறையில் சத்தம் நின்றுவிடும். மேற்குப் பக்க ஜன்னலை மட்டும் நான் திறப்பதில்லை. திறந்தால் திரைச்சீலை வெளியே போகப் பார்ப்பதுபோல் அசைகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஜூலையில் எங்கேயாவது போகலாம் என்று பார்க்கிறேன். கடல் வேண்டாம் என்றால் மலை இருக்கிறது, மலையிலும் வெயில் உண்டு. அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் பொதுவாகவே பேசுவதில்லை. துக்கம், நேரம் எடுக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வைதேகி, இதைக் கேட்டால் உங்களுக்கே மனசு ஆறும். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து, வீட்டுக்கு நேரே வராமல் லிட்டில் இந்தியாவில் இறங்கி, எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வருகிறான். என் முன்னால் வைத்து, "கச்சான்" என்கிறான். வாரம் முழுவதற்கும் அவன் என்னிடம் பேசுவது அந்த ஒரு சொல்தான். பிறகு எதிரே உட்கார்ந்து, கடைசிப் பருப்புவரை நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். தான் ஒன்றுகூட எடுக்கமாட்டான். அம்மா போன புதிதில், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அப்படித்தான் எதிரே உட்கார்ந்திருப்பேன். என்மேல் பாசம் இல்லாதவன் வாராவாரம் இப்படி மறக்காமல் வாங்கி வருவானா, நீங்களே சொல்லுங்கள்.