கியர் பொக்ஸுக்குள் வாவித் தண்ணீர்

சிவதர்ஷன்: ...கியர 'டீ'யில போட்டா உடன இழுக்குதில்ல நாநா. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நிக்கும். மறுகா ஒரு உதறல்... அதோட பாயும்.

றுஸ்தி: ரிவேர்ஸ்?

சிவதர்ஷன்: இரைச்சல் மட்டும்தான். பிக்கப் வண்டி அசையாது.

றுஸ்தி: சரி, பார்ப்பம். இரிங்க தம்பி. ஏன் கராஜச் சுத்திச் சுத்தி நடக்கிறீங்க?

சிவதர்ஷன்: பரவாயில்ல. கெதியாப் பாருங்க.

றுஸ்தி: அப்பா வரல்லியா? நல்லரத்தினம் அண்ணன் இத ஆருட கையிலயும் குடுக்கமாட்டாரே.

சிவதர்ஷன்: அவருக்கு... தடிமன், காய்ச்சல். உங்களிட்டக் கொண்டுபோகச் சொல்லி அவர்தான் அனுப்பினவர்.

றுஸ்தி: ம்... எஞ்சின் ஓடட்டும், நிப்பாட்டாதீங்க. ஒயில் பார்க்கிற கம்பிய இழுக்கிறன்... இஞ்ச பாருங்க.

சிவதர்ஷன்: என்ன?

றுஸ்தி: ஓட்டோ கியர் ஒயில் சிவப்பா இரிக்கணும். இது ரோஸ் பால் மாதிரிக் கிடக்கு.

சிவதர்ஷன்: இருபது வருசத்து வண்டிதானே...

றுஸ்தி: பழசானா கறுக்கும் தம்பி, வெளுக்காது. இதுக்குள்ள தண்ணி போயிரிக்கி.

சிவதர்ஷன்: ரேடியேட்டர் ஒழுகினாலும் கலக்குமாம்... யூடியூப்பில சொன்னான்.

றுஸ்தி: ஓம், கலக்கும். ரேடியேட்டர்ட தண்ணிப் போத்தலையும் பார்த்திட்டன். அதில ஒரு சொட்டு ஒயில் இல்ல. இது வெளியால வந்த தண்ணி.

சிவதர்ஷன்: போன கிழமை மழை...

றுஸ்தி: மழையில ரோட்டுத் தண்ணி இவ்வளவு உயரம் ஏறாது. குனிஞ்சு பாருங்க. சேஸிஸ் முழுக்கப் பாசி, இரும்பில உப்புப் பூத்திரிக்கி. உப்புத்தண்ணி வாவிக்குள்ள இறங்கின வண்டி இது.

சிவதர்ஷன்: கழுவக்குள்ள பட்டதா இருக்கும்...

றுஸ்தி: ஒளிச்சா எனக்கு வேலை செய்ய ஏலாது, தம்பி.

சிவதர்ஷன்: பழுகாமத்துத் துறையடியில... அப்பாதான் இறக்கினவர்.

றுஸ்தி: பிரேக் பிடிக்கல்லியா?

சிவதர்ஷன்: பிரேக் நல்லம். அவருக்குக் கண்தான் சரியில்ல. பொழுதுபடுற நேரம், தண்ணிய ரோட்டெண்டு நினைச்சிருக்கார். எங்களுக்குச் சொன்னது, கரையில நிப்பாட்டிக் கழுவினதெண்டு. நாங்களும் நம்பிட்டம்.

றுஸ்தி: பிறகு எப்பிடித் தெரிஞ்ச?

சிவதர்ஷன்: என்ட மகள் பக்கத்து சீட்டில இருந்தவ.

றுஸ்தி: யா அல்லாஹ்... பிள்ளைக்கு?

சிவதர்ஷன்: காயமில்ல. வலை போட வந்த ஆக்கள்தான் கதவை இழுத்துத் திறந்து தூக்கினவங்க. தண்ணி அவட நெஞ்சு மட்டும் வந்ததாம். அப்பப்பாதான் ஒருத்தரிட்டயும் சொல்லவேணாம் எண்டவர் எண்டு நேத்துத்தான் அழுதழுது சொல்றா... எனக்கு நித்திரை இல்ல நாநா.

றுஸ்தி: அண்ணனிட்டக் கேட்டீங்களா?

சிவதர்ஷன்: எப்பிடிக் கேக்கிற? அம்மா போன பிறகு அவருக்கு இந்தப் பிக்கப்தான் எல்லாம். வண்டித் திறப்பத் தாங்க, இனி ஓடவேணாம் எண்டு கேட்டா அந்த மனுசன் உடைஞ்சு போவார். அதுதான்... நீங்க ஒரு உதவி செய்யணும்.

றுஸ்தி: சொல்லுங்க.

சிவதர்ஷன்: கியர் பொக்ஸ் முடிஞ்சிது, இனித் திருத்த ஏலாது எண்டு அவருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னதெண்டு தெரியவேணாம்.

றுஸ்தி: இது திருத்தலாமே தம்பி. கழட்டிக் கழுவி, உள்ளுக்குக் கிளட்ச் தட்டுகள மாத்தினா ஓடும்.

சிவதர்ஷன்: ஓடும் எண்டுதான் பயப்பிடுறன்.

றுஸ்தி: ...அவருக்கு நான் போன் எடுக்கத் தேவையில்ல.

சிவதர்ஷன்: ஏன் நாநா?

றுஸ்தி: நீங்க வந்துகொண்டிரிக்கக்குள்ள அவரே எடுத்தவர், உங்களுக்குத் தெரியுமா எண்டு பார்க்கத்தான் ஒண்டும் அறியாத மாதிரிக் கேட்டன். வாவிக் கதை சொல்லல்ல. "கண் மங்கிட்டு றுஸ்தி, இனி நான் வண்டி ஓடமாட்டன். பொடியனிட்டச் சொல்ல வாய் வருகுதில்ல... வண்டி சரிவராதெண்டு நீயே அவனுக்குச் சொல்லிரு" எண்டார்.