துண்டு ஆவணம் அல்ல

மனித நாகரிகம் ஆவணங்களின் மேல்தான் நிற்கிறது. எழுதப்பட்டது இருக்கிறது, எழுதப்படாதது இல்லை. இதை இந்தக் காவல் நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு கால் குட்டையாக இருப்பதால் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் உமாராணி மேடம், நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். உங்கள் முதல் தகவல் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் சங்கிலிப்பாண்டி இறந்ததை ‘விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். சுவிட்சைப் போட்ட இசக்கிச்செல்வியின் ‘அஜாக்கிரதை’ காரணம் என்கிறீர்கள். அந்தப் பெண் இரண்டு நாளாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அழுகை ஒருபுறம் இருக்கட்டும். நான் பொறியியல் மேலாண்மையில் முதுகலை படிக்கிறேன், இணையவழியில், மூன்றாவது செமஸ்டர். எங்கள் படிப்பு ‘விபத்து’ என்ற சொல்லை ஏற்பதில்லை. எதற்கும் மூலகாரணம் உண்டு. ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டால் அது வெளியே வந்துவிடும் என்பது பாடம். என் அறிக்கையைக் கொண்டுவந்திருக்கிறேன். நாற்பத்திரண்டு பக்கம், ஸ்பைரல் பைண்டிங்.

பின்னணியைச் சொல்கிறேன். குத்துக்கல்வலசையில், தரையில் பதிக்கும் கல் செய்கிற எங்கள் பேவர் பிளாக் கம்பெனி இருக்கிறது. புது வீடுகள் எழும்புகிற இடம் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. முதலாளி அருமைநாயகம் எட்டாவது வரை படித்தவர். ஆகவே படிப்பின் மேல் அவருக்கு அளவற்ற மரியாதை. நான் கோர்ஸில் சேர்ந்த வாரமே வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார்: ‘முத்துச்செல்வம், பி.இ., எம்.இ.எம்., பொறியியல் மேலாளர்’. எம்.இ.எம். முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்றேன்.

“பொறவு மாத்துனா ரெட்டச் செலவுல்லா தம்பி” என்றார்.

அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே வருகிறவர்கள் நேரே சங்கிலிப்பாண்டியிடம் போவார்கள். மெஷின் நின்றால் ‘அண்ணாச்சியக் கூப்பிடு’. கலவை இறுகினால் ‘அண்ணாச்சியக் கூப்பிடு’. என்னை எல்லோரும் ‘செல்வம்’ என்றார்கள். அவர் பழைய ஐ.டி.ஐ.; ஐம்பத்தைந்து வயது; பண்பொழியிலிருந்து மொபெட்டில் வருவார். மோட்டாரின் மேல் காதை வைத்து, “பேரிங் அழுவுதுலே” என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். எங்கள் பாடத்தில் இதற்கு ‘ஆவணப்படுத்தப்படாத அறிவு’ என்று பெயர். ஒரு நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய அபாயம் கிடையாது.

இனித் துண்டுக்கு வருகிறேன். மிக்சர் என்பது ஆள் உயர இரும்புத் தொட்டி. உள்ளே தகடுகள் சுழன்று சிமென்டையும் ஜல்லித்தூளையும் கலக்கும். ஒட்டியதைச் சுரண்ட மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். சங்கிலிப்பாண்டி இறங்குவார். அதற்கு முன் தோளில் கிடக்கும் காவித் துண்டைச் சுவிட்ச் கைப்பிடியில் முடிந்துவிட்டுப் போவார். துண்டு கிடந்தால் யாரும் கை வைக்கக் கூடாது. கம்பெனியின் எட்டு வருடப் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் அதுதான். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற அதே துண்டு.

முதுகலைக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். ‘முறைசாரா எச்சரிக்கைக் குறிகளின் தோல்வி’ என்று தலைப்பு எடுத்தேன். துண்டுக்கு மாற்றாக ஓர் அனுமதிப் படிவம் தயாரித்தேன்; பதினொரு கட்டம், மூன்று பிரதி. நிரப்பியதைப் பதிந்துவைக்கச் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டரும் வைத்தேன். ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டேன்.

“என்னலே செல்வம் இது?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“உள்ள இறங்குறதுக்கு முன்னால நீங்க இத நிரப்பி எங்கிட்டக் கையெழுத்து வாங்கணும்.”

“நான் எறங்குததுக்கு நானே மனுப் போடணுமாக்கும். சரி, ஏறுததுக்கும் ஃபாரம் உண்டுமா?”

கல் அடிக்கும் மெஷினில் நின்ற இசக்கிச்செல்வி, “ரேசன் கார்டு நகலு கேப்பாவ அண்ணாச்சி, எதுக்கும் எடுத்து வச்சிக்கிடுங்க” என்றாள். சிரித்தவர்கள் ஏழு பேர். பெயர்கள் பின்னிணைப்பில் இருக்கின்றன.

பிறகு அவர் தனியாக வந்தார். “கோவப்படாதலே. ஒரு பூட்டு வாங்கித் தா. சுவிட்ச் பெட்டியப் பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருவிட்டு எறங்குதேன். எவனாலயும் போட முடியாதுல்லா” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகமும் பூட்டைத்தான் சொல்கிறது. ஆனால் என் திட்டத்தில் பூட்டு மூன்றாம் படி. முதற்படி விழிப்புணர்வு, இரண்டாம் படி ஆவணம். படி தாண்டினால் மதிப்பெண் குறையும்.

ஜூன் மாதம் என் ஆய்வு வழிகாட்டி மின்னஞ்சல் அனுப்பினார். எட்டு வருடத்தில் ஒருவருக்கும் காயம் இல்லையென்றால் அந்தத் துணி ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம், தோல்விக்குத் தரவு எங்கே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என்னிடம் தரவு இல்லை.

ஜூலையில் நல்ல சாரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி எங்கள் எல்லோரையும் வேனில் ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். எண்ணெய் தேய்த்து, வரிசையில் நின்று, அருவிக்குள் போனோம். எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற சங்கிலிப்பாண்டி என் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அருவிக்கு அடியில் ரகசியம் பேச முடியாது, மேடம். காதோடு சொல்ல வேண்டியதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அனைவருக்கும் கேட்டது. பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த இசக்கிச்செல்விக்கும் கேட்டது. அது என்ன கேள்வி என்பது இந்த விசாரணைக்குத் தேவையற்றது. மறுநாள் காலை பித்தளைப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ சாக்பீஸால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். துடைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து அந்த வியாழக்கிழமை வந்தது. அது தற்செயல்.

வியாழன், மதியம் ஒன்று இருபது. தகரக் கூரையில் மழை. சங்கிலிப்பாண்டி துண்டை முடிந்துவிட்டு, சுரண்டியோடு மிக்சருக்குள் இறங்கினார். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் துண்டை அவிழ்த்தேன். ஈரமாக இருந்தது. கொடியில் காயப் போட்டேன்.

இசக்கிச்செல்வி கை கழுவிவிட்டுச் சுவிட்ச் பெட்டிக்கு வந்தாள். அது கொட்டகையின் மறுகோடியில் இருக்கிறது; அங்கிருந்து தொட்டிக்குள் பார்க்க முடியாது. கைப்பிடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி எங்கன சார்? துண்டக் காணுமே.”

அந்தக் கம்பெனியில் என்னை ‘சார்’ என்று ஒருவர் அழைத்தது அதுவே முதல் தடவை.

“ரெஜிஸ்டரப் பாரு” என்றேன்.

“ஒண்ணும் எழுதலியே.”

“எழுதலன்னா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். வாசிக்கத் தெரியும்லா?”

போட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுவிட்சையும் தொடவில்லை. பதினொரு வினாடி ஓடியது. கைப்பேசியில் அளந்தேன், தரவு என்றால் துல்லியம் வேண்டும். சத்தம் கேட்டு அவளே நிறுத்தினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏழு நிமிடத் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரி. நிகழ்வுப் படிவத்தை முதலில் நிரப்பினேன். சற்றுப் பொறுத்தால் விவரம் மறந்துபோகும்.

அவர் உள்ளே இருப்பது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். துண்டை அவிழ்க்கப் போகும் முன் நான் தொட்டிக்கு நான்கடி தூரத்தில் நின்றேன். சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சத்தம் ஆவணம் அல்ல.

இசக்கிச்செல்வி கொன்றது தானே என்று நம்புகிறாள். சங்கிலிப்பாண்டியின் மனைவி வடிவம்மாள் காலில் போய் விழுந்தாளாம். அது அவள் விருப்பம். ஆனால் பத்தாவது படித்த ஒரு பெண்ணின் அஜாக்கிரதை என்று இந்த விஷயம் முடிந்துபோனால் என் ஆய்வு செல்லாது. அது அஜாக்கிரதை இல்லை, மேடம். சோதனை. வடிவமைத்தவன் நான். அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். முன்னெழுத்து எம்.

அறிக்கையின் முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். ஐந்து ஏன்கள். அவர் ஏன் இறந்தார், மிக்சர் ஓடியது. ஏன் ஓடியது, இசக்கிச்செல்வி போட்டாள். ஏன் போட்டாள், துண்டு இல்லை. துண்டு ஏன் இல்லை, நான் அவிழ்த்தேன். ஐந்தாவது ‘ஏன்’ காலியாக இருக்கிறது என்கிறீர்கள். ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று எழுதியவனே விட்டிருக்கிறானே என்கிறீர்கள். இதுவரை யாரும் என் படிவத்தின் அடிக்குறிப்பை வாசித்ததில்லை.

சரி. சங்கிலிப்பாண்டியின் தங்கை மகள் கல்லூரியில் என் வகுப்பு. அவள் சொல்லி அவருக்கு ஆறு வருடமாகவே தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் எனக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். அருவி விடவில்லை.

“ஏலே செல்வம், அந்த கிராஃபிக்ஸ் அரியர எழுதிட்டியாலே? ஸ்பெஷல் சான்ஸ் குடுத்திருக்காவளாம், வெள்ளிக்கிழம கடேசித் தேதியாம்.”

முதுகலையில் சேரும்போது பி.இ. சான்றிதழைப் பிறகு தருவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமையும் போய்விட்டது.

வாக்குமூலப் படிவத்தைக் கொடுங்கள், நானே நிரப்புகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எழுதிவிட்டேன். அடுத்த கட்டம் கல்வித் தகுதி.

பன்னிரண்டாம் வகுப்பு.