தட்டில் வைத்த தூள்

சீக்கிரம் எழுவது எனக்குச் சிரமமே இல்லை. ஜூன் மாதத்தில், வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் சூரியன் படுப்பது பெயருக்குத்தான், அதனால் இதில் பெருமையும் இல்லை. தேனீக்கள் கிளம்புவதற்குள் தட்டில் தூளைப் போட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

தேனீப் பெட்டி வாசலில் ஒரு தட்டு, அதில் நல்ல பூஞ்சையின் தூள். தேனீ அதை மிதித்துக்கொண்டு போய் ஸ்ட்ராபெரிப் பூவில் உட்காரும். தூள் அங்கே ஒட்டிக்கொள்ளும், பழத்தில் சாம்பல் பூசணம் பிடிக்காது. பக்கத்து வீட்டு ரைலியின் ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு ஒன்பது கோடை இதைச் செய்தேன். மருந்தடிக்கும் வண்டி அவள் வயலில் இறங்கியதே இல்லை.

அவள் கணவன் ஓஸ்மோ. தங்கமான மனிதன் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். போன வருடம் பூக்கும் முன், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காபியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தார்கள். அங்கேதான் கேட்டான்.

"ஏம்ப்பா கெய்யோ, பறக்குறது தேனீ, சுமக்குறது தேனீ. நீ பொடியக் கொட்டிட்டு பன்னு திங்க வந்துடுற. அந்தத் தட்ட எங்க வீட்டு நாய் வைக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். "பாவம், அவர விடுங்க" என்று ரைலியும் சிரித்தாள். அவன் பேச்சைவிட அவளுடைய அந்தப் 'பாவம்'தான் எனக்குச் சுட்டது. ஆனால் நான் கோபக்காரன் இல்லை. பன்னைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பக்கத்து ஊர்க் கண்ணாடிக்குடிலில் சாம்பல் பூத்து எறிந்த பழங்களை ஒரு வாளியில் அள்ளிவந்தேன். என் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையின் மேல் பலகையில் பரப்பி, அடுப்பு மூட்டாமல் காயவிட்டேன். அந்த இரண்டு வாரம் ஏரியில்தான் குளியல், எலும்பு வரை குளிர்ந்தது. பிறகு இடித்துச் சலித்தேன். பூத்த முதல் வாரம் முழுக்க அந்தத் தூள்தான் தட்டில் இருந்தது. தேனீக்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அதே வாரம் உறைபனி வந்தது. பூ கருகாமலிருக்க ஓஸ்மோ தண்ணீர்த் தெளிப்பானைத் திறந்துவிட்டான். மேலே உறையும் தண்ணீரே பூவுக்குக் கவசம், இங்கே எல்லாரும் செய்வதுதான். ஜூலையில் வயல் மொத்தமும் சாம்பலாக அழுகியபோது, ஈரம்தான் காரணம் என்று ஊர் முடிவு கட்டியது.

"ஒன்பது வருஷமா கெய்யோ காப்பாத்துனத ஒரே வாரத்துல நாசம் பண்ணிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று ரைலி வயல் நடுவில் நின்று கத்தினாள்.

"விடு ரைலி, தெரியாமத்தான செஞ்சான்" என்றேன். அவன் என்னை நன்றியோடு பார்த்தான். அப்போது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பரில் ஓஸ்மோ படகை எடுத்துக்கொண்டு போனான். உயிர்காப்புச் சட்டை படகுக் கொட்டகை ஆணியிலேயே தொங்கியது. ஐந்தாம் நாள் கிடைத்தான். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அதைத் தாங்கிய பட்டைகளில் ஒன்று என் கையில் இருந்தது. ரைலிதான் கேட்டுக்கொண்டாள்.

இந்தப் போலீஸ் நிலையத்தில் உங்களிடம் யாரும் புகார் கொடுக்கவில்லை, தெரியும். யாருக்கும் சந்தேகமும் இல்லை. பிறகு ஏன் வந்தேன் என்கிறீர்கள்.

இந்தக் கோடை நல்ல தூளைத்தான் வைத்தேன். பழம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நேற்றைய பத்திரிகையில் ரைலியின் படம் போட்டு, அவள் சொன்னதையும் போட்டிருந்தார்கள்: 'எல்லாப் புகழும் இந்தச் சின்ன உயிர்களுக்கே.' இரண்டு முறை படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை.

அதனால்தான் வந்தேன். போன வருடம் அந்த வயலை அழித்தது ஈரமும் இல்லை, தேனீயும் இல்லை. கெய்யோ. பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள்.