பூட்டியாச்சு

மட்டக்களப்பில் நல்ல மீன் வாங்குவது சுலபம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும். நம்பிக்கையான வயரிங்காரனைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அவனை எங்கே தூக்கிப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், அவசரமில்லை. பெயர் செபஸ்தியாம்பிள்ளை, ஊர் தன்னாமுனை. நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்து அறுபத்துநாலாம் ஆண்டில் ஓய்வுபெற்றேன். சாட்சி சொன்ன சொல்லை ஒரு நாளும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. இன்று நான் வந்திருப்பதும் ஒரு சொல்லுக்காகத்தான். வயரிங்கார நல்லரத்தினத்தின் மரண விசாரணைப் பதிவில் அது பிழையாக இருக்கிறது.

சென்ற மாரியில் என் வீட்டின் பின்னறைச் சுவர் ஊறிப்போய், மனைவி றோசம்மாவுக்கு ஷொக் அடித்தது. முதல் தடவை, செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை அவள் கையிலிருந்த பீங்கான் கோப்பை விழுந்து உடைந்தது. அது நல்ல கோப்பை. அதன் பிறகுதான் ஆள் தேடத் தொடங்கினேன்.

முதலில் டவுனிலிருந்து சிறில் வந்தான். வேலைக்காரன்தான், ஆனால் வாய் ஓயாது. ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் எந்த டாக்டர் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக் கதை அடுத்த வீட்டில் எப்படி ஓடும் என்று யோசித்தேன். சுவரைக்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டேன். பிறகு ஏறாவூர் அப்துல் கபூரைக் கேட்டேன். எந்த வேலையையும் மின்சாரக் கந்தோருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தொடுவேன் என்றார். அவருக்கும் தேநீர் கொடுத்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது நம்பிக்கையான ஆள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் முன்னறைக்குத்தான் சொந்த மீற்றர். பின்னறைகளின் விளக்கு, விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் பக்கத்து மாதா கோயிலின் கரண்டில் ஓடின. கோயிலுக்கு வயரிங் செய்தவர்கள் மிச்சம் விட்டுப்போன வயரை நானே வேலிக்கடியால் இழுத்திருந்தேன். கோயில் பொது, நான் அதன் மூப்பர். அதைக் களவு என்று சொல்பவர்களுக்குச் சட்டம் தெரியும், கோயில் தெரியாது.

பங்குச் சுவாமியார்தான் ஒரு நாள், விளக்கு விசிறி எல்லாவற்றையும் நூர்த்த பிறகும் கோயில் மீற்றர் ஓடுகிறது என்றார். மணியடிக்கிற லூர்து ஊராரின் உடுப்புகளைக் கோயில் அறையில் வைத்து இஸ்திரி போடுகிறான் என்று யாரோ சொன்னார்கள். விசாரிக்க மூன்று பேரை நியமித்தார்கள். ஒருவன் நான். லூர்து அழுதுகொண்டே, "என்ட புள்ளையாண நான் செய்யல்ல ஐயா" என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு மாதம் அவனை நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. அந்த மாதம் முழுவதும் நான் பின்னறையில் ஒரு பல்புகூடப் போடவில்லை. பங்குனி வெயில், விசிறியில்லாமல் நான் பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும். மீற்றர் அடங்கியது. லூர்து வேலை போய், கரடியனாற்றில் வயல் வட்டைக் காவலுக்குப் போனான். திறந்த வெளி, நல்ல காற்று.

இப்படியிருக்கத்தான் செங்கலடி நல்லரத்தினத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். "நம்பிக்கையான மனிசன், தேவையில்லாம வாய் திறக்கமாட்டான்" என்றார்கள். அங்கேதான் நான் பிழை விட்டேன். தேவையில்லாமல் வாய் திறக்காதவன் தேவைப்படும்போதும் திறக்கமாட்டான் என்று நினைத்துவிட்டேன்.

அவன் புதன்கிழமை வந்தான். சுவரைத் தட்டினான், முகட்டுக்குள் ஏறினான், வேலிப் பக்கம் நடந்துவிட்டு வந்து கைகழுவினான்.

"ஐயா, இது கோயில் கரண்ட்."

இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்வது என் வழக்கமில்லை.

"சனிக்கிழமை வாறன். எல்லாத்தையும் உங்கட மீற்றருக்கு மாத்தித் தாறன். ஞாயிறு பூச முடிய நீங்களே சாமியிட்டச் சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் மரியாதை."

"சொல்லாட்டி?"

"நான் சொல்லத்தானே வேணும். லூர்தண்ணன் பாவம் ஐயா."

குரலை உயர்த்தவில்லை. மிரட்டவுமில்லை. மிரட்டியிருந்தால் பேரம் பேசியிருக்கலாம். அவன் மீது எனக்கு வந்த கோபத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். முப்பத்தொரு வருடம் சேர்த்த பெயரை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கொட்டிவிட்டுப் போக, ஏணியும் குறடும் வைத்திருக்கிற ஒருவன் நாள் குறித்துத் தருகிறான்.

சனிக்கிழமை காலை சொன்னபடி வந்தான். பின்னறைப் பெட்டியில் ஒரு பியூஸ் இருக்கிறது. ஒரு வயரைச் சோதிக்க முகட்டிலிருந்தபடியே, "ஐயா, பியூஸைப் பூட்டுங்க" என்றான். பூட்டினேன், விளக்கு எரிந்தது. "சரி, கழட்டிப்போட்டுப் பெட்டியப் பூட்டிருங்க. ஆரும் தெரியாமத் தொட்டிருவாங்க" என்றான். கவனமான மனிதன். கழற்றினேன்.

இந்த இடத்தைக் கவனமாக எழுதுங்கள். என் ஒரு கையில் பியூஸ் இருந்தது. மற்றக் கையில் பெட்டியின் பூட்டு இருந்தது. எங்கள் பேச்சில் பியூஸைப் பொருத்துவதும் பூட்டுவதுதான், பெட்டியை அடைப்பதும் பூட்டுவதுதான். மேலேயிருந்து அவன் கேட்டான், "பூட்டினதா ஐயா?"

நான் பியூஸைப் பூட்டினேன். பூட்டிவிட்டு, "பூட்டியாச்சு" என்றேன்.

சத்தம் பெரிதாக இல்லை. ஏணி மட்டும் சரிந்தது. நான் பியூஸைக் கழற்றி, பெட்டியையும் பூட்டி, அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும், கோயில் வயரைக் கழற்றிச் சுருட்டிக் களப்புத் தண்ணீரில் போட்டேன். அவன் மனைவிக்கு ஒரு மூடை நெல் அனுப்பினேன். நல்ல சம்பா.

விசாரணையில் றோசம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது கேட்டதைச் சொன்னாள்: "பூட்டியாச்செண்டு சொன்னார்." வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னோடும் ஒன்றும் சொல்வதில்லை. பின்னறையில் அரிக்கன் லாம்பைத்தான் கொளுத்துகிறாள். ஆனால் பதிவு செய்த பொடியன் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? 'கரண்ட் நிறுத்தியாச்சு என்று கூறினார்' என்று எழுதியிருக்கிறான். அதன் கீழே, 'முதுமையின் மறதியால் நேர்ந்த விபத்து' என்று முடித்திருக்கிறார்கள். நேற்றுத்தான் பிரதியை எடுத்துப் பார்த்தேன், இன்று இங்கே வந்துவிட்டேன்.

நான் எதையும் மறக்கவில்லை. பியூஸ் எந்தக் கையில், பூட்டு எந்தக் கையில் என்று இப்போதும் சொல்வேன். கரண்ட் நிறுத்தியாச்சு என்றும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய். கரண்ட் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவன் முகட்டில் இரண்டு வயரையும் கையில் பிடித்துக்கொண்டிருந்ததும் தெரியும்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? நான் கொன்றேன் என்று எழுதுங்கள், அது சரியான சொல். அதற்குக் கையெழுத்து வைக்கிறேன். அந்த 'நிறுத்தியாச்சு' என்பதை மட்டும் வெட்டிவிட்டு 'பூட்டியாச்சு' என்று போடுங்கள். செபஸ்தியாம்பிள்ளை ஒருவனை ஏமாற்றினான் என்று நாளைக்கு ஊரில் யாரும் சொல்லிவிடக்கூடாது.